மரத்தடியில் நிற்க ஒரு மெஷின்

கிளை நொறுக்கும் மெஷினைப் பற்றி நெல்லை ஜில்லாவிலேயே என் அளவுக்கு வாய் ஓயாமல் பேசக்கூடிய ஆள் கிடையாது. டிரம் வைத்ததா, தட்டு வைத்ததா, டிராக்டரில் மாட்டுவதா, தனி இன்ஜினா, பிளேடு எப்போது தீட்ட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் என் தலை தெரிந்ததும் பாதி டீயோடு எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவு ஞானமும் எனக்கு ஒரே காரணத்தால் வந்தது. எனக்கு மரம் ஏறப் பயம் வந்துவிட்டது.

மரம் வெட்டுவதுதான் என் தொழில். ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த வேம்பு, கரண்டுக் கம்பியை உரசுகிற வாகை, கொல்லையில் பட்டுப்போன தென்னை என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். போய்க் கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கிக் கொடுத்துவிட்டு வருவோம். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. வேலையைப் பேசியவன்தான் முதலில் ஏற வேண்டும். உச்சிக் கவட்டில் முதல் கயிற்றை அவன் கட்டி, அதில் ஒருதரம் தொங்கிக் காட்டிய பிறகுதான் மற்றவன் மரத்தில் கால் வைப்பான். கயிறு கட்டாத மேஸ்திரியை மரத்தடியில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

போன சாரல் சமயத்தில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் தூங்குமூஞ்சி மரம் ஏறினேன். பட்டை நனைந்து கிடந்தது. கால் வழுக்கி, இடுப்பு பெல்ட்டில் மூட்டை மாதிரித் தொங்கினேன். கொஞ்ச நேரம்தான். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. இறங்கி வந்து டீ குடித்தேன், நாலு பேரைச் சிரிக்க வைத்தேன், மிச்ச மரத்தையும் முடித்தேன். அடுத்த வேலையில் ஏணியில் கால் வைத்ததும் உள்ளங்கை வேர்த்து ஊற்றியது. மனசு "ஏறு" என்றது. கை "முடியாது போ" என்றது. கைதான் ஜெயித்தது.

கீழே நின்றவர்களிடம் என்ன சொல்வது? முழங்காலைப் பிடித்துக்கொண்டு "முட்டு வலி" என்றேன். அன்றிலிருந்து எனக்கு முட்டு வலி. என் மனைவி ராத்திரி தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தாள். பாவம், எந்தக் குறையும் இல்லாத ஒரு முழங்காலுக்கு அவ்வளவு பணிவிடை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. சில நாள் எந்தக் கால் என்பது எனக்கே மறந்துபோகும். தைலம் தேய்த்த காலை ஊன்றி மற்றக் காலை நொண்டுவேன். அவள் ஒரு பார்வை பார்ப்பாள்.

எனக்குப் பதிலாக ஏறியவன் அவளுடைய தம்பி. ஒரே தம்பி. நூல் மில் வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து கொண்டவன், கலியாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிறது. "முட்டு சரியாவுற வரைக்கும் நான் ஏறுதேன் அத்தான்" என்றான். முதல் கயிற்றையும் அவனே கட்டினான். கீழே கயிறு பிடித்துக் கிளை இழுக்கிற எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். இப்படியே போனால் இந்த வருஷம் முடிவதற்குள் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மரம் ஏறாமலே, ஏறப் பயம் என்று யாருக்கும் தெரியாமலே, இதே தொழிலில் மேஸ்திரியாக இருந்தாக வேண்டும். எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது.

அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில், ஒரு ஆள் முழுக் கிளையையும் ஒரு மெஷினின் வாய்க்குள் கொடுக்கிறான். அது கடகடவென்று மென்று, மறுபக்கம் தூளாகத் துப்புகிறது. நான் கவனித்தது மெஷினை அல்ல, அந்த ஆளை. அவன் தரையில் நின்றான். தலையில் தொப்பி, காதில் கவசம், கையில் உறை. அவனைப் பார்த்து யாராவது பயந்தாங்கொள்ளி என்பார்களா? முதலாளி என்றுதான் சொல்வார்கள். மெஷின் இருந்தால் அதன் பக்கத்தில் ஒருவன் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த ஒருவன் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

முடிவைச் செய்துவிட்டு ஆராய்ச்சியை அப்புறம் தொடங்கினேன்.

முதலில் களக்காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு வாழைக்காரர் டிராக்டரில் மாட்டுகிற மெஷின் வைத்திருந்தார். டிராக்டரின் பின்பக்கம் சுழலும் தண்டில் இணைத்தால் டிராக்டர் இன்ஜினே இதையும் ஓட்டிவிடும். மெஷினுக்கென்று தனி இன்ஜின் இல்லாததால் செலவு குறைவு, பலம் அதிகம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வீடியோவில் பார்த்த மிதப்பில் நான் ஒரு முழு வாழைத்தண்டை எடுத்து உள்ளே தள்ளினேன். வாழைக்காரர் "ஏய், ஏய்" என்று கத்தினார். அதற்குள் நார் முழுவதும் உள்ளே பிளேடோடு சுழல்கிற டிரம்மைச் சுற்றிக்கொண்டது. டிராக்டர் முக்கி முனகி நின்றுபோனது.

"தண்டு போடுற மெஷினாவே இது? மட்டையும் காஞ்ச சருகும் போடுறதுவே. ஒரு வார்த்த கேட்டா வாயில இருக்குற முத்தா உதிந்துரும்?"

வெயிலில் குந்தி உட்கார்ந்து அரிவாளால் நாரை அறுத்து எடுத்தோம். நான் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்து, கூட வந்திருந்த மச்சினன், "முட்டு பரவால்லையா அத்தான்?" என்றான். எழுந்து நின்று கொஞ்சம் நொண்டினேன். டிராக்டர் வகை வேண்டாம் என்று அங்கேயே தள்ளிவிட்டேன். பாளையங்கோட்டைச் சந்துகளுக்குள் டிராக்டர் திரும்பாது என்பதுதான் நான் வெளியே சொன்ன காரணம். அது உண்மையும்கூட.

அடுத்தது பாபநாசம் பக்கம். அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் பெட்ரோலில் ஓடுகிற சின்ன மெஷின். உள்ளே கனத்த தட்டு ஒன்று சுற்றும், பிளேடுகள் அதில்தான் இருக்கும். லோடு ஆட்டோவின் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம், ஒரே ஆள் தள்ளிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தலாம். வேப்பங்கிளையைக் கொடுத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டிப் போட்டது. எனக்கு வாயெல்லாம் பல். பிறகு மணிக்கட்டுத் தண்டிக்குப் புளியங்கொம்பு ஒன்றைக் கொடுத்தேன். மெஷின் வீரிட்டது, புகை கக்கியது, நின்றுவிட்டது. நம் ஊரில் புளியமரம் வெட்ட முடியாத மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன பூக்கடையா வைக்கப் போகிறேன்?

மூன்றாவதாக ஒரு வியாபாரியே மெஷினோடு வந்தார். டீசல் இன்ஜின், டிரம், அடியில் சக்கரம். வாயில் இரண்டு உருளைகள் இருக்கும், கிளையின் நுனியைக் காட்டினால் போதும், தானே இழுத்துக்கொள்ளும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி, அதைத் தட்டினால் இழுவை நின்றுவிடும். "அண்ணாச்சி, கெளைய மட்டும் ரெடி பண்ணி வைங்க. காலைல வந்து ஓட்டிக் காட்டுதேன்" என்றார்.

சீவலப்பேரி ரோட்டில் ஒரு வீட்டு வாகையை முந்தின நாளே வெட்டி ரோட்டோரம் மலை மாதிரி குவித்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் ரோட்டோரம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு சுள்ளி இல்லை. நான் எத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்! எங்கள் பக்கம் வெட்டின மரத்தில் தழையெல்லாம் ஆடு வைத்திருப்பவர்களுக்கு, சுள்ளி அடுப்பு எரிப்பவர்களுக்கு, தடிதான் விறகுக் கடைக்கு. மரம் அறுக்கிற வாள் சத்தம் கேட்டதுமே சாக்கோடும் கயிற்றோடும் வந்து நிற்பார்கள். நாங்களும் கேட்க மாட்டோம், அவர்களும் கேட்க மாட்டார்கள். இது ஊருக்கே தெரியும். மெஷின் ஆராய்ச்சியில் முங்கிக் கிடந்த எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. அந்தப் பகுதியில் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருக்கிற ஒரு அக்கா உண்டு. எங்கள் வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் வந்துவிடுவாள். அவள் ஆடுகள் எதிர்த்த மரத்தடியில் வயிறு புடைக்கப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"தழைக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி. இந்தத் தரம் நீங்களே ரோட்டுல கொண்டாந்து வச்சிட்டிய, எனக்குச் சொமக்கிற வேல மிச்சம்" என்றாள்.

வியாபாரி மெஷினோடு வந்து இறங்கினார். அரைக்க ஒன்றுமில்லை. மானம் போகிறதே என்று ஆட்டோ பிடித்து விறகுக் கடைக்கு ஓடி, ஒரு கட்டு விறகு வாங்கிக்கொண்டு வந்து போட்டேன். அரைக்கிற மெஷினுக்கு விறகை விலைக்கு வாங்கிக் கொடுத்த முதல் புண்ணியவான் அநேகமாக நான்தான். வியாபாரி விறகைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இது எலும்பு மாரி காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. இதப் போட்டா பிளேடு மழுங்கிரும். பச்சக் கெள வேணும்." கடைசியில் பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒரு முருங்கையைக் கழித்துப் போட்டோம். முருங்கையை அரைக்க மெஷினே வேண்டாம், கையால் பிசைந்தாலே போதும். ஆனாலும் அது "கர்ர்" என்று இழுத்து விழுங்கிய அழகைப் பார்த்ததும் இதுதான் என் மெஷின் என்று தீர்மானித்து வாங்கிவிட்டேன். வியாபாரி அதோடு இலவசமாக ஒரு காதுக் கவசமும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன்.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "அப்ப இனிமே நீங்க மரம் ஏற மாட்டிய?"

"மெஷின யாரு பாக்கது? அதான் இப்ப முக்கியம்" என்றேன்.

"என் தம்பி மேல இருக்கும்போது அவன யாரு பாக்கது?"

"நான்தான் கீழயே நிக்கப் போறேன்லா!"

முதல் பெரிய வேலை சீவலப்பேரிக்குப் பக்கத்தில், பழைய அரிசி ஆலை ஒன்றின் முற்றத்தில். அங்கே கிழட்டு வாகை ஒன்று கூரைமேல் சாய்ந்து நின்றது. ஆலைக்காரர் மெஷின் இருப்பதைக் கேள்விப்பட்டு, "தூள எனக்கே குடும், வாழைக்கு மண்ணு காயாம மூடாக்காப் போடுதேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆட்டுக்கார அக்கா வழக்கம்போல ஆடுகளோடு வந்தாள். தழை இல்லை என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வாயில்லாச் சீவன் திங்கிறத மிசினுக்குப் போடுதியளே, அது என்ன பாலா கறக்கும்?" என்று நியாயமாகத்தான் கேட்டாள். நான் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நல்ல கருவி என்று நினைத்தேன்.

மச்சினன் மேலே ஏறினான். மெஷினை ஓட்டினேன். அப்பப்பா, என்ன பசி அதற்கு! கிளை வந்த வேகத்தில் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு நின்றது. சும்மா நின்றால் டீசல் வீண். ஆகவே கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஆட்களையும், "கயித்த மரத்துல சுத்தி முடிஞ்சிட்டு வாங்கலே, கெள இழுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டேன். மேலே ஒருவன் இருக்கும்போது கயிற்றில் ஒரு கை இருக்க வேண்டும், கண் மேலே இருக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு நான் மெஷினின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூள் பறந்தது. வீடியோவில் வந்த ஆள் மாதிரியே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பயம் வந்த நாளிலிருந்து நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

முதுகில் பொத்தென்று ஒன்று விழுந்தது. திரும்பினால் கீழே ஒரு ரப்பர் செருப்பு. ஆட்டுக்கார அக்கா இன்னொரு செருப்பைக் கையில் ஓங்கிக்கொண்டு வாய் பிளந்து கத்துகிறாள், ஒரு சத்தமும் எனக்கு வரவில்லை. அவள் கை மேலே காட்டியது.

மெஷினை நிறுத்திக் கவசத்தைக் கழற்றினேன். அப்போதுதான் கேட்டது. "அத்தான்... அத்தான்..." என்று மேலேயிருந்து வந்தது. தொண்டை கட்டிப்போன குரல்.

அறுத்த கிளை கயிற்றில் ஆடி வந்து கவட்டில் செருகிக்கொண்டிருந்தது. இறுகின கயிறு அவன் கணுக்காலை மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. கீழேயிருந்து யாராவது உடனே கயிற்றை விட்டிருந்தால் கிளை வழியோடு இறங்கிப் போயிருக்கும். முடிச்சுப் போட்ட கயிற்றை யார் விடுவது? இப்போது விட்டால் செருகின கிளை உருண்டு அவன் காலையும் கொண்டுபோய்விடும். அவன் வாள் எட்டாத தூரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறொரு ஆள் மேலே ஏறி, கிளையில் இரண்டாவது கயிற்றைக் கட்டி, கீழேயிருந்து இழுத்துக் கிளையைத் தூக்கினால்தான் கால் வெளியே வரும்.

கிளை இழுக்கிற இரண்டு பேரும் மரம் ஏறாதவர்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். ஆடுகூடப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஏறினேன். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. ஏணியிலேயே கை வேர்த்துவிட்டது, பாதி மரத்தில் மூத்திரம் முட்டியது. "ஆத்தா, ஆத்தா" என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டுதான் போனேன், கீழே எல்லாருக்கும் கேட்டிருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மச்சினன் முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்து, கண்ணெல்லாம் தண்ணீர். கிளையில் கயிற்றைச் சுற்றி, மேல் கவட்டில் போட்டுக் கீழே விட்டேன். முடிச்சு வரவில்லை. அவன்தான் வலியோடு எட்டி முடிந்தான். "இழுங்கலே! பைய, பைய!" என்று கத்தினேன். அக்காவும் சேர்ந்து இழுத்தாள். கிளை ஒரு சாண் எழும்பியது. கால் வெளியே வந்தது. வீங்கிக் கருத்திருந்தது, எலும்பு போகவில்லை.

வேலை முடிந்தது. என்னால் மரத்தை விட முடியவில்லை.

"எறங்குங்க அத்தான்."

"இரு. முட்டு..."

"எந்த முட்டு?" என்றான்.

வாகைப் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் நிற்கவில்லை. "முட்டுக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. எனக்குப் பயம். ஏறவே பயமா இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து. வீட்டுல அக்காவுக்கும் தெரியும்." கணுக்காலைத் தடவிக்கொண்டான். "எனக்கும் பயந்தான் அத்தான். எல்லா மரத்துலயும் பயந்தான். நான் கூப்ட்டா நீங்க மேல பாப்பிய, அத நெனச்சுத்தான் ஏறுதேன். இன்னைக்கு எவ்வளவு கூப்ட்டேன் தெரியுமா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அவனுக்குக் கணுக்கால் ஊன்றாது, எனக்குக் கை விடாது. அவன் எந்தக் கவட்டில் கால் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னான், நான் அவனுக்கு ஒரு கவடு கீழே நின்று அவன் காலைத் தாங்கிக் கொடுத்தேன். அப்படியே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தோம். ஆட்டுக்கார அக்கா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் மனைவி தம்பியின் காலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "மெஷினு ஓடுற சத்தத்துல காது கேக்காதுன்னு வாங்குறதுக்கு முன்னாடி தெரியாதா?" என்று கேட்டாள். டிரம்மின் அகலம் தெரியும், உருளையின் வேகம் தெரியும், புளிக்கும் வாழைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அது தெரியாது என்றேன்.

கால் ஆறி அவன் மறுபடி வேலைக்கு வந்தான். ஒரு வீட்டு வேம்பு. மெஷின் வாசலுக்கு வெளியே சாக்கு மூடி நின்றது. ஆள் மரத்தை விட்டு இறங்கின பிறகுதான் இனி அதை ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். கிளைகள் கீழே குவிந்தன, அவை என்ன கதியானாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆட்களிடம் எனக்குப் பயம் என்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

உச்சியிலிருந்து குரல் வந்தது.

"அத்தான்!"

"என்னலே?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டேன்."

அன்று சாயங்காலம் வரை அவன் அப்படிச் சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தரமும் நான் "என்னலே?" என்றேன்.